பீட் நிலத்தில் நீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும்? வடித்த நிலங்களுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, அயர்லாந்து, கனடா என்று வடபுலம் முழுக்க, பயிருக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் எரிபொருளுக்குமாக வாய்க்கால் வெட்டி வடித்த பீட் நிலங்கள் பல லட்சம் ஹெக்டேர் கிடக்கின்றன. அவற்றை அப்படியே விடுவதா, நீரைக் கொஞ்சம் ஏற்றுவதா, தரைமட்டம் வரை நிறுத்துவதா, மூழ்கடித்துவிடுவதா என்பதே முடிவெடுக்க வேண்டியவர்களின் கேள்வி. பேச்சுவழக்கில் நிலம் காய்ந்தது அல்லது நனைந்தது, அவ்வளவுதான். பசுமைக்குடில் வாயுக் கணக்கிலோ ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் விடை மாறுகிறது. ஆண்டுச் சராசரி மாறாமல், ஆகஸ்ட் மாத மட்டம் மட்டும் மாறினாலும் விடை மாறிவிடும்.

பீட் என்பது நீரில் ஊறிக் கிடந்ததால் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த தாவர எச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம், கடைசிப் பனியுகம் விலகியதிலிருந்து சேர்ந்து வந்தது. நீரை வடித்தால் அது சுருங்கும், அமுங்கும், மட்கிக் காற்றில் கலக்கும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் 1851இல் தரைமட்டத்துக்குச் சமமாக இறக்கிய இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தரை அவ்வளவு தாழ்ந்துவிட்டது.

மூன்று வாயுக்கள், மூன்று போக்குகள்

கரியமில வாயு, நீர்மட்டத்துக்கு மேலே காற்றுப் படும் பீட்டிலிருந்து வருகிறது. மட்டம் இறங்க இறங்க அதிகரிக்கும். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு ஏற்றம் தணிந்துவிடும், ஏனெனில் ஆழத்துப் பீட் குளிர்ச்சியானது, மட்குவதற்கு எளிய பொருள் அதில் குறைவு. இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம்: நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 90 செ.மீ.யிலிருந்து 70 செ.மீ.க்கு ஏற்றுவதில் கிடைக்கும் பலன், 50இலிருந்து 30க்கு ஏற்றுவதில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. செலவு மட்டும் ஏறக்குறைய அதேதான்.

மீத்தேன் நேர்மாறானது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது உருவாகிறது. மேலே வரும் வழியில் காற்றுள்ள அடுக்கு இருந்தால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. தரைக்குக் கீழே 20 செ.மீ. காற்றடுக்கு இருந்தாலே வெளியேறும் மீத்தேன் சொற்பம். மட்டம் தரைக்குக் கீழே 10 செ.மீ.யைத் தாண்டி மேலேறும்போதுதான் அளவு சட்டென்று எகிறுகிறது. கோரை, பஞ்சுக்கோரை போன்றவற்றின் தண்டில் உள்ள காற்றுக்குழல்கள் புகைபோக்கி போல இந்த வடிகட்டி அடுக்கைத் தாண்டி மீத்தேனை நேராக வெளியே விடுகின்றன. சதுப்பில் வளரும் ஸ்பாக்னம் பாசியோ மீத்தேன் தின்னும் நுண்ணுயிரிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே ஒரே நீர்மட்டத்தில் கோரை நிலமும் பாசி நிலமும் ஒரே அளவு மீத்தேன் விடுவதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடு, தழைச்சத்து நிறைந்த விவசாயப் பீட்டில் நீர் ஏறி இறங்கும் இடத்தில் வருகிறது. குளிர்நாடுகளில் மண் உறைந்து உருகும் வாரங்களில் பெரும் வீச்சாக வெளிப்படும். மட்டம் நிலையாக மேலே நின்றால் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். ஒரே அளவில் தொடர்ந்து வெளிவந்தால் அதன் வெப்ப விளைவு சில பத்தாண்டுகளில் ஓரிடத்தில் நின்றுவிடும். கரியமில வாயு ஒவ்வோர் ஆண்டும் முந்தையதன்மேல் சேர்ந்துகொண்டே போகும்.

எண்களில்

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநிலத் துணை வழிகாட்டி தரும் பொதுக் காரணிகளை வைத்து, மிதவெப்ப மண்டலத்தில் சத்து மிகுந்த பீட் நிலத்துக்கு ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் வெளியேறும் கரியமில வாயு நிகர் டன் (கீழே ‘நிகர் டன்’). ஒரே எடைக் கரியமில வாயுவின் வெப்ப விளைவோடு ஒப்பிட்டால், மீத்தேனுக்கு 100 ஆண்டுக் கணக்கில் 27 மடங்கு, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 273 மடங்கு. வடித்த நிலங்களின் மீத்தேனில் வாய்க்காலிலிருந்து வருவதும் அடங்கும்.

| நிலை | கரியமில வாயு | மீத்தேன் | நைட்ரஸ் ஆக்சைடு | நீரில் கரைந்து போகும் கார்பன் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| உழுபயிர் | 29.0 | 1.6 | 5.6 | 1.1 | 37.3 |
| ஆழ வடித்த புல்வெளி (30 செ.மீ. அல்லது அதற்குக் கீழே) | 22.4 | 2.0 | 3.5 | 1.1 | 29.0 |
| மேலோட்டமாக வடித்த புல்வெளி (30 செ.மீ.க்குள்) | 13.2 | 1.7 | 0.7 | 1.1 | 16.7 |
| மீள்நனைத்த நிலம் (நீர் தரைமட்டம் வரை அல்லது அதற்கு மேல்) | 1.8 | 7.8 | 0 | 0.9 | 10.5 |

வாய்க்கால் ஒரு விசித்திரம். ஆழ வடித்த புல்வெளியில் பரப்பில் 5 சதவீதம் மட்டுமே வாய்க்கால். அந்த நிலத்தின் மீத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ‘வடித்த நிலத்தில் மீத்தேன் இல்லை’ என்பவர்கள் வாய்க்காலை அளக்காதவர்கள்.

இதே கணக்கை 20 ஆண்டுக்குச் சுருக்கி மீத்தேனுக்கு 80 மடங்கு போட்டால் ஆழ வடித்தது 32.9, மேலோட்டமாக வடித்தது 20.1, மீள்நனைத்தது 25.8. அதாவது குறுகிய காலக் கண்ணாடியில் பாதி ஏற்றம் முழு ஏற்றத்தை முந்துகிறது! மீள்நனைப்பை எதிர்ப்பவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். எண் தவறில்லை. ஆனால் அதன் அடியில் உள்ள மீத்தேன் சராசரியான ஹெக்டேருக்கு 216 கிலோ மீத்தேன்-கார்பன் (மீத்தேனாக எடைபோட்டால் 288 கிலோ), 0 முதல் 856 வரை பரவிக் கிடக்கும் அளவீடுகளின் சராசரி. மூழ்கிய நிலமும் சரியான மட்டத்தில் நிறுத்திய நிலமும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஓர் ஆண்டில் வெளியேறும் மீத்தேன் 217 கிலோவுக்குள் நின்றால் 20 ஆண்டுக் கணக்கிலும் முழு ஏற்றமே வெல்லும். 100 ஆண்டுக் கணக்கில் அந்த வரம்பு 518 கிலோ வரை போகும். எனவே நீரை ஏற்றியபின் மீத்தேனை எங்கே கட்டுப்படுத்துகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது.

வழி ஒன்று: அப்படியே விடுவது

வாயுக் கணக்கில் இதைக் காப்பாற்ற ஒரு வாதமும் கிடையாது. விவசாயக் கணக்கிலும் இது நிலையானதல்ல: தரை தாழும்போது வாய்க்காலின் நீரும் அதைத் தொடர்ந்து இறக்கப்பட வேண்டும், பம்பு கூடுதலாக ஓட வேண்டும், தாழ்ந்த நிலம் மீண்டும் ஈரமாக, மீண்டும் வாய்க்கால் ஆழமாகும். பீட் தீர்ந்து அடிமண் வெளிப்படும்வரை இந்தச் சுற்று ஓடும். பீட் 30, 40 செ.மீ. மட்டுமே மீந்திருக்கும் வயல்களில் உரிமையாளர் ‘இன்னும் சில பத்தாண்டு ஓட்டிவிடலாம்’ என்று நினைப்பது புரிகிறது. அங்கே காப்பாற்ற மீதமிருக்கும் கார்பனும் குறைவு. அடர்ந்த பீட் உள்ள வயலில் அதே முடிவு மிக விலையுயர்ந்தது.

வழி இரண்டு: ஓரளவு ஏற்றுவது

2021இல் நேச்சர் இதழில் வெளியான, பிரிட்டன் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு ஒரு கைவசக் கணக்கைத் தந்தது: நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 3 நிகர் டன் மிச்சம். மட்டம் 30 செ.மீ.க்கு வரும்வரை இது பொருந்தும். அதற்கு மேலும், தரைக்குக் கீழே சுமார் 10 செ.மீ. வரை ஏற்றுவது நிகரக் குளிர்ச்சியே தரும், ஆனால் மீத்தேன் கூடுவதால் வேகம் குறையும். மேலே உள்ள அட்டவணையோடு இது ஒத்துப்போகிறது: ஆழ வடிப்பிலிருந்து மேலோட்டத்துக்கு வருவதில் 12.3 டன் மிச்சம்.

இந்த வழியின் கவர்ச்சி, புல்வெளி புல்வெளியாகவே நீடிப்பது. மாடு மேயலாம், தீவனப் புல் அறுக்கலாம். வசந்தத்தில் டிராக்டர் இறங்கும் நாள் தள்ளிப்போகும், முதல் அறுப்பு தாமதமாகும், குறைந்த காற்றழுத்தமுள்ள அகல டயர்கள் தேவைப்படும். அவ்வளவுதான் இழப்பு.

எங்கே தவறுகிறது? வாய்க்காலின் மட்டத்தை வயலின் மட்டம் என்று எண்ணுவதில். நூறாண்டு மட்கிய பீட்டில் நீர் பக்கவாட்டில் மிக மெல்ல நகரும். கோடையில் புல் உறிஞ்சும் வேகத்துக்கு வாய்க்காலிலிருந்து ஊறி வருவது ஈடுகொடுக்காது. வாய்க்காலில் 20 செ.மீ. கீழே நீர் நிற்க, வயலின் நடுவில் அது 70 செ.மீ.க்கு இறங்கிக் கிடக்கும். கலிங்கை உயர்த்திக் கட்டியவர் தன் வேலை முடிந்ததென்று நினைப்பார். பீட் முன்போலவே மட்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நெதர்லாந்தில் கையாண்ட தீர்வு, வாய்க்கால் நீருக்குச் சற்றுக் கீழே, 4 முதல் 6 மீட்டர் இடைவெளியில் துளைக்குழாய்களைப் புதைப்பது. கோடையில் அவை நீரை உள்ளே விடும், குளிர்காலத்தில் வெளியே வடிக்கும். கடைசி மூன்று சொற்களில்தான் சிக்கல். ஃபிரீஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் நடந்த, 2021இல் வெளியான அளவீட்டில் இந்தச் சாதாரணக் குழாய்முறையால் வாயு வெளியேற்றம் குறையவில்லை. குளிர்காலத்தில் நிலம் முன்பைவிட நன்றாக வடிந்தது. கோடையில் ஏறிய ஈரமும் ஆழத்து அடுக்கையே தொட்டது. வெப்பமும் ஆக்சிஜனும் சத்தும் கூடிநிற்கும் மேல் 30, 40 செ.மீ. அடுக்கு உலர்ந்தே இருந்தது. இதே குழாய்களை ஒரு தொட்டியோடு இணைத்து, தொட்டியின் நீரைப் பம்பால் வாய்க்காலைவிட உயர்த்தி வைத்தால் கட்டுப்பாடு கைக்கு வரும். பம்பு, மின்சாரம், மிதவை சுவிட்ச், குழாயில் படியும் இரும்புச் சேற்றை அலசும் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வரும். அவற்றுக்குத் தயாரில்லாதவர் சாதாரணக் குழாய்க்குப் பணம் போடாமலிருப்பதே நல்லது.

ஆண்டுச் சராசரி இன்னொரு பொறி. ஆறு மாதம் தரைக்கு மேல் 5 செ.மீ., ஆறு மாதம் தரைக்குக் கீழே 55 செ.மீ. என்றால் சராசரி 25 செ.மீ. கீழே, தாளில் அது ‘மேலோட்ட வடிப்பு’. மட்குதல் நடப்பதோ வெயில் காலத்தில், 55 செ.மீ. காற்றடுக்கில். நிலத்துக்காரரோடு எழுதும் ஒப்பந்தத்தில் சராசரியோடு ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கான மட்டமும் தனியாக எழுதப்பட வேண்டும்.

வழி மூன்று: தரைமட்டத்துக்கு ஏற்றி நிறுத்துவது

இலக்கு, கோடையில் தரைக்குக் கீழே 10 செ.மீ.க்குள், குளிர்காலத்தில் தரையோடு தரையாக. வாயுக் கணக்கில் சிறந்த இடம் இதுதான். தக்கவைப்பது கடினமானதும் இதுதான்.

முதலில் நீர்க்கணக்கு. சேதமான பீட்டில் நீர் தேக்கும் வெற்றிடம் குறைவு. கன அளவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கோடையில் மழையைவிட ஆவியாதல் 60 மி.மீ. கூடினாலே மட்டம் 60 செ.மீ. இறங்கும். உயிருள்ள ஸ்பாக்னம் அடுக்கில் வெற்றிடம் பாதிக்கு மேல் என்பதால் அதே 60 மி.மீ. இழப்பு மட்டத்தை 12 செ.மீ.தான் இறக்கும். சேதமான நிலம் ஏன் இவ்வளவு தள்ளாடுகிறது, பாசி வந்த நிலம் ஏன் தானே தன்னைக் காக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். 60 மி.மீ. பற்றாக்குறையை நிரப்ப ஹெக்டேருக்கு 600 கன மீட்டர் நீர் வேண்டும். அது எங்கிருந்து வரும்? மேட்டிலிருந்து ஊறிவரும் நீரா, ஆற்றுநீரா, குளிர்காலத்தில் தேக்கிவைத்ததா? விடை இல்லாமல் தடுப்பு கட்டத் தொடங்குவது வீண். இயல்பாக ஊற்றுநீர் வராத வயலில், பரப்பில் ஒரு பகுதியைத் தேக்கமாக ஒதுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தடுப்புகள். சரிவான பீட்டில் ஒரு வாய்க்காலின் கடைமுனையில் பெரிய தடுப்பு ஒன்றைக் கட்டி நிறுத்துவது எப்போதும் தோற்கும். கீழ்ப்பகுதி மூழ்கும், மேல்பகுதி காயும். அடுத்தடுத்த தடுப்புகளுக்கிடையே நீர் வீழ்ச்சி 10 முதல் 20 செ.மீ.க்குள் இருக்கட்டும். வீழ்ச்சி 15 செ.மீ. என்றால், சரிவு 0.5 சதவீதமான வாய்க்காலில் 30 மீட்டருக்கு ஒன்று, 2 சதவீதத்தில் 7.5 மீட்டருக்கு ஒன்று. கட்டும் பொருள் அருகிலேயே ஆழத்திலிருந்து வெட்டிய ஈரமான கருநிறப் பீட். மேலே கிடக்கும் காய்ந்து உதிரும் பீட்டைப் போட்டால் அது ஒருமுறை உலர்ந்தபின் நீரைத் தள்ளும், விரிசல் விடும், முதல் பனியுருகலில் ஒழுகும். வாய்க்காலின் இரு கரைகளையும் அடியையும் வெட்டிச் சுத்தப்படுத்தி, தடுப்பை அவற்றுக்குள் செருகி அமுக்க வேண்டும். உச்சி தரையைவிட 30 முதல் 50 செ.மீ. உயரமாக இருக்கட்டும், எப்படியும் அமுங்கும். மேலே புல்தரையைப் பெயர்த்து மூடினால் வெயிலில் வெடிக்காது. அகன்ற, ஆழமான வாய்க்காலுக்குப் பிளாஸ்டிக் அல்லது மரப்பலகைச் சுவர் வேண்டும். அதுவும் கீழே வெட்டுப்படாத பீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். விவசாய நிலத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய புதைகுழாய்களைத் தேடி உடைக்காமல் விட்டால் மேலே கட்டியதெல்லாம் கீழே ஓடிவிடும்.

மீத்தேனைக் கட்டுப்படுத்தும் வேலை நீரை ஏற்றுமுன்பே தொடங்குகிறது. நின்றிருக்கும் புல்லை அறுத்து வெளியேற்ற வேண்டும். மூழ்கிச் செத்து அழுகும் புல்தான் முதல் ஆண்டுகளின் மீத்தேனுக்கு முதல் தீனி. வெயில் காலத்தில் மடையை அடைக்காமல் இலையுதிர் காலத்தில் அடைப்பது, ஓராண்டு ஈராண்டில் படிப்படியாக ஏற்றி ஈரத்தாவரம் இடம்பிடிக்க அவகாசம் தருவது இரண்டும் உதவும். உரமேறிய வயலில் மேல்மண்ணை 20 முதல் 30 செ.மீ. வழித்தெடுத்தால் மீத்தேனும் பாஸ்பரஸ் கசிவும் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் 25 செ.மீ. என்பது ஹெக்டேருக்கு 2,500 கன மீட்டர் மண். அதை ஓரமாகக் குவித்துக் காயவிட்டால் தவிர்த்த கார்பன் குவியலிலிருந்து போய்விடும். அதே இடத்தில் வாய்க்காலை நிரப்பவோ, நனைந்தே இருக்கும் வரப்பு கட்டவோ பயன்படுத்த முடிந்தால் மட்டுமே இது நல்ல பேரம். மண்ணைச் சோதிக்கும்போது இரும்புக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள மோல் விகிதத்தையும் பார்க்கவும். 10க்குக் கீழே என்றால் நீரை ஏற்றியதும் பாஸ்பரஸ் கீழ்நிலை ஓடைகளுக்குப் போகும் ஆபத்து அதிகம்.

வழி நான்கு: மூழ்கடிப்பது

மடையைத் திறந்துவிட்டால் போதும், பம்பை நிறுத்தினால் போதும் என்பதால் மலிவு. தாழ்ந்துபோன ஆற்றோர நிலங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஜெர்மனியின் வடகிழக்கில் பீனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சார்னெக்கோ 2004–05 குளிர்காலத்தில் இப்படி நீருக்குள் போனது. மேய்ச்சல் புல் செத்து அடியில் சேறாகப் படிய, ஆழமற்ற அந்த ஏரி ஆண்டுக்கணக்கில் மீத்தேனை மிக அதிகமாக வெளியேற்றியது.

தரைக்கு மேல் 20 செ.மீ.க்கும் கூடுதலாக நீர் நின்றால் காற்றடுக்கு வடிகட்டி முழுதாகப் போய்விடுகிறது, குமிழிகளாக மீத்தேன் எழுகிறது, ஈரத்தாவரங்கள் நடுப்பகுதிக்குள் பரவ நெடுங்காலமாகிறது. இருந்தும், 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த மாதிரிக் கணக்கு காட்டியபடி, மீத்தேனைக் காரணம் காட்டி மீள்நனைப்பைத் தள்ளிப்போடுவது நீண்ட காலத்தில் வெப்பமடைதலைக் கூட்டவே செய்யும். தேர்வு ‘மூழ்கடிப்பா, ஆழ வடிப்பா’ என்று இரண்டாகச் சுருங்கிவிட்ட இடத்தில் மூழ்கடிப்பையே எடுக்கலாம். சில தடுப்புகளும் ஒரு மேட்டுக் கலிங்கும் கட்டிச் சரியான மட்டத்தில் நிறுத்த வழியிருக்கும் இடத்தில் அதை எடுப்பது சோம்பல். கடலோரத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: உப்புநீரின் சல்பேட் மீத்தேன் உருவாவதை அடக்கும். அந்த அடக்குமுறை சல்பேட் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்வரைதான்.

வழி ஐந்து: நனைந்த நிலத்தில் பயிர்

சம்பு தரைமட்டத்திலிருந்து 20 செ.மீ. நீர் வரை நன்றாக வளரும். கட்டடக் காப்புப் பலகைக்குப் போகிறது. நாணல் கூரைக்கு. ஈரப் புல்வெளியின் அறுப்பு எரிபொருளுக்கு: ஜெர்மனியின் மால்ஹின் நகர வெப்பநிலையம் 2014 முதல் அப்படி ஓடுகிறது. ஸ்பாக்னம் பாசி, தொட்டிச்செடி ஊடகத்தில் வெட்டியெடுத்த பீட்டுக்கு மாற்று; கீழ்சாக்சனியின் ஹான்க்ஹவுசனில் 2011 முதல் வயலாகவே வளர்க்கிறார்கள்.

வாயுக் கோணத்தில் பாசி முதலிடம், ஏனெனில் அதற்கு வேண்டிய மட்டமும் தரைக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ., அதாவது வழி மூன்றின் இலக்கேதான். சம்புக்கு நீர் மேலே நிற்க வேண்டும், மீத்தேனும் அதற்கேற்ப வரும். உரமேறிய நிலத்திலிருந்து சத்தை உறிஞ்சி அறுவடையோடு வெளியேற்றும் என்பது அதன் தனிப்பலன். சிக்கல் சந்தையிலும் எந்திரத்திலும் இருக்கிறது. ஈர நிலத்தில் சாதாரண அறுவடை எந்திரம் இறங்காது, தடச்சங்கிலி பொருத்திய இலகு எந்திரம் வேண்டும். விற்க ஆள் உறுதியாகாமல் நட்டவர்கள் அறுத்ததை வயலோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் கையெழுத்து முதலில், நாற்று பிறகு.

காடும் பீட் வெட்டிய தரையும்

வடபுலத்தில் காட்டுக்காக வடித்த பீட் வேறு கணக்கு. குளிர் மண்டலத்தில் சத்துக் குறைந்த தரையில் வடித்த காட்டின் மண் வெளியேற்றம், ஐபிசிசி காரணிகளின்படி, சுமார் 1.8 நிகர் டன், மீள்நனைத்தால் 0.5. மிச்சம் 1.3 டன்தான், மரவளர்ச்சியின் இழப்பு தனி. சத்து மிகுந்ததில் 5.4இலிருந்து 3.2. ஒரு ஹெக்டேர் உழுபயிர் நிலத்தில் கிடைக்கும் 27 டன்னோடு ஒப்பிட்டால், பணத்தை எங்கே முதலில் போட வேண்டும் என்பது விளங்கும். பல்லுயிர் காரணத்துக்காக இந்தக் காடுகளை நனைப்பது நியாயமான வேலைதான், அதை வாயுக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. மரங்களே பெரிய பம்புகள். ஹெக்டேருக்கு 120 முதல் 150 கன மீட்டர் மரம் நிற்கும் காட்டில் நீராவிப்போக்கே மட்டத்தைக் கீழே வைத்திருப்பதால், வாய்க்காலைத் தூர்வாரத் தேவையில்லை என்று பின்லாந்து அளவீடுகள் காட்டின. மொத்தமாக வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டும் முறையில் மட்டம் நடுத்தர ஆழத்தில் நிற்கும். மொத்தமாக வெட்டினால் மட்டம் திடீரென்று ஏறும், கழிவுக் கிளைகள் மட்கும், புதிய வாய்க்கால் கேட்கும்.

பீட் வெட்டிய வெற்றுத் தரைக்கு நீரோடு பாசியும் வேண்டும். கனடாவின் கியூபெக்கில் புவா-டெ-பெல் தளத்தில் 1999இல் செய்த முறை இன்று பரவலானது: நல்ல சதுப்பின் மேல் 10 செ.மீ. பாசியை எடுத்து அதைப்போல் பத்து மடங்கு பரப்பில் தூவி, ஹெக்டேருக்கு 3,000 கிலோ வைக்கோலால் மூடி, சிறிதளவு பாஸ்பேட் போட்டு, வாய்க்கால்களை அடைப்பது. வைக்கோலை மிச்சம் பிடித்தவர்களின் தரையில் பாசி வெயிலில் வெளுத்துச் செத்துவிடுகிறது. குளிர்நாடுகளில் உறைபனி தூக்கி எறிவதும் சேர்ந்துகொள்ளும். பீட் வெட்டுவதை 2021 ஜனவரியில் முறைப்படி முடித்துக்கொண்ட அயர்லாந்தின் அரசு நிறுவனமான போர்டு நா மோனா, சுமார் 33,000 ஹெக்டேரில் நீர்மட்டத்தை மீட்கும் பணியில் இறங்கியது.

அளப்பது

முடிவெடுக்குமுன் ஓராண்டாவது நீர்மட்டத்தை அளந்து பார்க்கவும். 5 செ.மீ. விட்டமுள்ள துளைப் பிவிசி குழாய்கள், ஒரு வயலுக்குக் குறைந்தது மூன்று: வாய்க்கால் ஓரம், வயலின் கால்வாசித் தூரம், நடு. நடுக்குழாயில் அழுத்தப் பதிவுக்கருவி, மணிக்கொரு முறை. அருகே காற்றழுத்தத்துக்கு இன்னொன்று, இல்லையேல் வானிலை மாறுவதெல்லாம் நீர்மட்ட மாற்றமாகப் பதிவாகும். பீட் நீரேறினால் உப்பி உயரும், இறங்கினால் தாழும். மண்ணோடு மிதக்கும் குழாய் பல சென்டிமீட்டர் பொய் சொல்லும். அடிமண் வரை இறக்கிய கம்பியோடு குழாயைக் கட்டி, தரை உயரத்தையும் பருவத்துக்கொரு முறை அளந்து எழுதவும்.

வாயுவை எல்லா வயலிலும் அளக்கத் தேவையில்லை. நீர்மட்டமும் தாவர வகையும் தெரிந்தால் காரணிகளை வைத்துப் போதிய அளவுக்குக் கணிக்கலாம். மூடுபெட்டி வைத்து அளப்பதானால் பலகைப் பாதை போடாமல் இறங்கக் கூடாது, காலடி அழுத்தத்தில் எழும் குமிழிகள் அந்த நாளின் மீத்தேனை வானளவு காட்டும். மாதம் ஒருமுறை மட்டும் அளந்தால் பனியுருகல் வாரத்தின் நைட்ரஸ் ஆக்சைடு தவறிப்போகும்.

எந்த நிலத்துக்கு எது

அடர்ந்த பீட்டில் உழுபயிர், ஊற்றுநீர் வசதி உண்டு என்றால் நேராக வழி மூன்று, இடைநிலை வேண்டாம். நீர் வசதி அரைகுறை, பால்மாடு வளர்ப்பு தொடர்கிறது என்றால் தொட்டியோடு இணைத்த குழாய்முறையில் கோடை மட்டம் 20 முதல் 30 செ.மீ., அடுத்த வயலில் முழு ஏற்றத்துக்கு இடம் வாங்குதல். பக்கத்து விவசாயியின் நிலம் தாழ்ந்திருந்தால் அவர் இசைவில்லாமல் எந்த மட்டத்தையும் தொட முடியாது. நீர் எல்லைக்கல் பார்ப்பதில்லை. அதனால் வயல்வயலாக முயல்வதைவிட ஒரே நீர்ப்பிரிவில் உள்ள வயல்களைச் சேர்த்து நில மாற்றத்தோடு செய்வதே நடக்கக்கூடியது. டென்மார்க்கின் 2024 ஒப்பந்தம் 1.4 லட்சம் ஹெக்டேரை இலக்காக வைத்தபோது நிலக் கைமாற்றம் அதன் மையத்தில் இருந்தது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இயற்கை மீட்டெடுப்பு ஒழுங்குவிதி, விவசாயத்தில் உள்ள வடித்த பீட் பரப்பில் 2030க்குள் 30 சதவீதத்தில் மீட்பு நடவடிக்கையைக் கேட்கிறது, அதில் கால் பங்காவது மீள்நனைப்பு. 2040க்குள் 40, 2050க்குள் 50 சதவீதம், இரண்டிலும் மூன்றில் ஒரு பங்காவது மீள்நனைப்பு. மீதிப் பங்கில் ஓரளவு ஏற்றம் போதும். அந்த மீதியில் எந்த வயல்கள் போகும் என்பதை, 2030க்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்காமல், எந்த வயலில் ஆகஸ்டில் 600 கன மீட்டர் நீர் கிடைக்கும் என்று பார்த்துத் தீர்மானிக்கலாம்.